தெரசாவின் வேனுக்கு ஒரு பம்ப்

வெளியூர் என்றால் தெரசாவுக்கு உயிர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் காலர் தைக்கும் வேலையில் இருந்தபோது, லீவு வருகிறதென்று தெரிந்தால் போதும், சுற்றுலாப் பேச்சை அவள்தான் முதலில் எடுப்பாள். வேளாங்கண்ணியோ ஏற்காடோ, வண்டி பேசுவதிலிருந்து புளிசாதம் கட்டுவதுவரை அவள் பொறுப்பு. ஜன்னலோர சீட்டை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். அப்படி ஒரு முறை வேன் ஓட்ட வந்தவர்தான் ஆவடி சத்தியராஜ். போகும்போது டிரைவராக இருந்தவர், திரும்பி வரும்போது அவளுக்குத் தன் டீயைக் கொடுத்துவிட்டு வேறு டீ சொன்னார். அடுத்த வருஷம் திருமுல்லைவாயிலில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருவரும் குடித்தனம் வைத்தார்கள். ஒரே மகள் ஜெபிஷா. அவளையும் படிக்க வைத்து, திண்டுக்கல்லில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

அந்தக் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் தெரசாவுக்கு உடம்பு படுத்தியது. மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து தின்றுகொண்டிருந்தவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, பெருங்குடலின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்றார்கள். அந்தப் பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு துளை போட்டு, குடலின் நுனியை அங்கே வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். இனி ஆயுசுக்கும் மலம் அந்த வழியாகத்தான் வரும். அதைப் பிடிக்க வயிற்றில் ஒரு பை ஒட்டியிருக்கும். சரசா என்ற நர்ஸ் அந்தப் பையைக் காலி பண்ணவும் கழுவவும் மாற்றவும் சலிக்காமல் காட்டிக்கொடுத்தாள். முதல் முறை தெரசா கண்ணை மூடிக்கொண்டபோது, “பரவால்லக்கா, நாளைக்குப் பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தானே முடித்துவைத்தாள்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தெரசா, “உயிரோட இருக்கேனே, அது போதும்” என்பாள். வாயால் மட்டும் சொன்னதல்ல அது. வார்டில் கூடப் படுத்திருந்த சிலர் வீடு திரும்பவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆனால் வீட்டை விட்டு நகர்வது நின்றுபோனது. பை எப்போது நிறையும் என்பது அவள் கையில் இல்லை. நிறைந்தால் உடனே காலி பண்ண வேண்டும், கழுவ வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும், மறைவு வேண்டும். ஒரு முறை ஆஸ்பத்திரியிலிருந்து மின்சார ரயிலில் வரும்போது பை ஓரத்தில் விட்டுக்கொண்டது. பெட்டியில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் ஒன்றும் கேட்காமல் தன் துப்பட்டாவை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டு, இறங்கும்வரை அவளை மறைத்தபடி நின்றாள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடத் தெரசாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் துப்பட்டா இன்றும் பீரோவில் துவைத்து மடித்து இருக்கிறது. ஆனால் அன்றோடு ரயிலும் பஸ்ஸும் முடிந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் முதல் நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவாள். கோயிலுக்கும் போவதில்லை; ஞாயிறு பூசையை டிவியில் பார்த்தாள்.

ஜெபிஷா பிள்ளை பெற்றபோது தெரசா கீமோ சிகிச்சையில் இருந்தாள். தாய் வீட்டில் நடக்க வேண்டிய பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. பிறகு ஒரு நாள் ஜெபிஷா போன் செய்து, ஈஸ்டர் கழிந்து குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்திருக்கிறோம், அம்மா வராமல் நடத்த எனக்கு மனசில்லை என்றாள். திண்டுக்கல் வரை ஏழெட்டு மணி நேரப் பயணம். நீங்கள் எல்லோரும் சந்தோஷமாக நடத்துங்கள், நான் வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்று தெரசா சிரித்தபடியே சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு நெடுநேரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பக்கத்து அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த சத்தியராஜ் எல்லாவற்றையும் கேட்டார்.

அவரிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது. முன்பு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போன வண்டி. ஐடி கம்பெனி ஆட்களைக் கூட்டிப்போகிற வேலை கிடைத்துப் புது வண்டி எடுத்த பிறகு, அது தார்ப்பாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு அவர் தார்ப்பாயை உரித்துப்போட்டு, பின் சீட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். என்ன செய்கிறீர்கள் என்று தெரசா கேட்டதற்கு, “உனக்கு ஒரு ரூம் கட்டுறேன்” என்றார்.

சொன்னபடியே கட்டினார். மூடி போட்ட ஒரு சின்ன கமோடு, அதன் எதிரே ஒரு பிளைவுட் பெட்டி, பெட்டியின் தலையில் எவர்சில்வர் சிங்க், கழிவுத் தண்ணீருக்குக் கீழே ஒரு கேன், சுற்றிலும் கனமான கறுப்புத் திரை. உட்கார்ந்தபடியே எல்லாம் கைக்கு எட்டும்படி தெரசாவை உட்காரவைத்து அளந்து செய்தார். மிச்சமிருந்தது தண்ணீர்தான்.

வீட்டுக்கு வருகிற இருபது லிட்டர் தண்ணீர் கேனை வண்டியின் கூரையில் கட்டி, ஒரு குழாயை உள்ளே விட்டார் முதலில். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. ஆனால் ஏப்ரல் வெயில் அல்லவா? பத்து மணிக்கே தண்ணீர் கையைச் சுட்டது. வயிற்றுத் துளையைச் சுற்றியுள்ள தோல் ஏற்கெனவே சிவந்து கிடக்கும். அதில் இந்தத் தண்ணீரை ஊற்றுவதாவது. அத்தோடு கேன் வண்டிக்குள் தரைக்கு வந்தது. தரையில் இருக்கிற தண்ணீரை சிங்க்குக்கு ஏற்ற ஒரு பம்ப் தேவைப்பட்டது.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தேவா என்பவன் மோட்டார், பம்ப் விற்றுப் பழுதும் பார்க்கிற கடை வைத்திருந்தான். சத்தியராஜுக்கு நெடுநாள் பழக்கம். அவனிடம் இவர், டூர் போவதற்காக வண்டிக்குள் ஒரு சிங்க் வைத்திருக்கிறேன், தண்ணீர் நன்றாக வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். தேவா பேட்டரியில் ஓடுகிற ஒரு பம்ப்பை எடுத்துக் கொடுத்தான். தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்கள் முதுகில் மாட்டுகிற ஸ்பிரேயரில் இருக்குமே, அந்த இனம். குழாயைத் திறந்தால் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அதை ஓடவிட்டபோது தெரசா உள்ளே இருந்தாள். குழாயைத் திறந்ததும் டர்ரென்று வண்டியே நடுங்கியது. தண்ணீர் சிங்க்கில் மோதி அவள் மடியெல்லாம் தெறித்தது. தண்ணீரைக் குறைத்துப் பார்த்தாள். அப்போது பம்ப் விட்டு விட்டு, டக் டக் என்று அடித்துக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து வந்து, “இன்னா சத்யா, வண்டிக்குள்ள மாவு மெஷினா?” என்று கேட்டார். தெரசா திரைக்குள்ளேயே அசையாமல் இருந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் நாலு பேர் நிற்கிற இடத்தில் இந்தச் சத்தம் கேட்டால், உள்ளே அவள் என்ன செய்கிறாள் என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. இன்னொரு கஷ்டமும் இருந்தது. ஒரு கை பையின் வாயைப் பிடித்திருக்கும், இன்னொரு கை கழுவிக்கொண்டிருக்கும். குழாயைத் திறக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? வெளியே வந்தவள், நல்லா இருக்குங்க என்றாள். சத்தியராஜ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பம்ப்பைக் கழற்றினார்.

அடுத்து ஆன்லைனில் தேடி, காலால் மிதித்து ஏற்றுகிற பம்ப் ஒன்றை வரவழைத்தார். பேட்டரி வேண்டாம், சத்தம் இல்லை, கைக்கும் வேலை இல்லை. இதுதான் சரி என்று இரண்டு பேருக்குமே தோன்றியது. தெரசா மிதித்துப் பார்த்தாள். தண்ணீர் வந்தது. ஆனால் நிறுத்தாமல் மிதித்தால்தான் வந்தது. ஒவ்வொரு மிதிக்கும் அடிவயிறு இறுகியது. வயிற்றுக்கு வேலை கொடுக்கக் கூடாது, துளையின் ஓரத்தில் குடல் பிதுங்கிவிடும் என்று சரசா திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். இவ்வளவு பாடுபடுகிற மனிதரிடம் இதையும் எப்படி வேண்டாம் என்பது என்று தெரசா வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பதை அவரே பார்த்துவிட்டார்.

“வலிக்குதுன்னு சொல்றதுக்கு இன்னா?” என்றார். கோபம் இல்லை, களைப்பு. பிறகு அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார். தேவாவிடம் இன்னொரு முறை போகிறேன் என்றார்.

அவனிடம் என்னவென்று சொல்வீர்கள் என்று அவள் கேட்டாள். அப்போதுதான், அவர் இதுவரை டூருக்கு என்றுதான் சொல்லி வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. உன் விஷயத்தைக் கடைத்தெருவில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தெரசாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று இந்த மனிதர் கண்டதையும் வாங்கிக்கொண்டு அலைகிறாரே.

“நான் வர்றேங்க. நானே சொல்றேன்” என்றாள்.

மறுநாள் காலை அந்த ஆம்னியிலேயே ஓ.டி.க்குப் போனார்கள். ஆஸ்பத்திரி அல்லாத ஓர் இடத்துக்கு அவள் போவது ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கடையில் வேறு ஆள் இல்லை. தேவா ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். “வா அண்ணாத்தே, வாங்க அண்ணி. இன்னா, அந்த பம்ப் மக்கர் பண்ணுதா?” என்றான்.

வரும் வழியெல்லாம் தெரசா வார்த்தைகளைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். கடை வாசலில் நின்றதும் எல்லாம் கலைந்துபோயின. மிஞ்சியதைச் சொன்னாள்.

“தம்பி, எனக்குப் புற்றுநோய் வந்து ஆபரேஷன் பண்ணாங்க. வயித்துல பை வெச்சிருக்கு. வெளிக்குப் போறது எல்லாம் அதுலதான். போற வழியில அத காலி பண்ணி கழுவணும். அதுக்குத்தான் இந்த சிங்க்கு.”

சத்தியராஜ் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேவா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். ஐயோ பாவம் என்பான் என்று தெரசா எதிர்பார்த்தாள். அதற்குப் பதில் சொல்லவும் தயாராக இருந்தாள். அவன் எழுந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொல்லிவிட்டு, சத்தியராஜ் பக்கம் திரும்பினான்.

“இத மொதல்லயே சொல்லிருந்தா வேற பம்ப் குடுத்திருப்பேனே அண்ணாத்தே. நீ டூருன்னு சொன்ன. நாலு பேர் ஷவர்ல குளிக்கிற அளவுக்கு நான் குடுத்துட்டேன்.”

பிறகு அவன் கேட்ட கேள்விகள் எல்லாம் நேரான கேள்விகள். ஒரு தடவைக்கு எவ்வளவு தண்ணீர் ஆகும், தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டுமா அல்லது சொம்பிலிருந்து ஊற்றுகிற மாதிரி விழுந்தால் போதுமா, உட்கார்ந்து செய்வீர்களா, எந்தக் கை சும்மா இருக்கும். தெரசா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல, வயிற்றில் பையோடு இருக்கிறவள் என்கிற கூச்சம் எங்கோ நகர்ந்துபோய், தன் வேலைக்கு என்ன வேண்டுமென்று தெரிந்த ஒருத்தி பேசுவது போல் அவளுக்கே கேட்டது.

தேவா உள்ளே போய் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றை எடுத்து வந்தான். தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து ஓடுகிற பம்ப். ஒரு வாளித் தண்ணீரில் அதைப் போட்டு பேட்டரியில் இணைத்தான். குழாய் நுனியிலிருந்து தண்ணீர் வளைந்து விழுந்தது. சத்தம் தண்ணீருக்குள்ளேயே அமுங்கிப்போய், காதை வாளிக்குக் கிட்டே கொண்டுபோனால்தான் மெல்லிய முனகல் கேட்டது.

“இதுல வேகம் வராது அண்ணி. தூக்கி அடிக்காது. தண்ணி இல்லாம ஓட்டினா எரிஞ்சிடும், அது ஒண்ணு பாத்துக்கணும். மத்தபடி இது உள்ள கீதுன்னே யாருக்கும் தெரியாது.”

வேகம் வேண்டவே வேண்டாம் என்றாள் தெரசா. சுவிட்சை மட்டும் எங்கே வைப்பது என்று அவன் யோசித்தபோது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. இருபது வருஷம் கரண்டில் ஓடுகிற தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அவள்; கால் பெருவிரலை லேசாகச் சாய்த்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். அந்தப் பெடல் மாதிரி தரையில் ஒரு சுவிட்ச் வைக்க முடியுமா என்று கேட்டாள். எஸ்டேட் கம்பெனிகளில் மெஷின்களுக்குப் போடுகிற கால் சுவிட்ச் அவனிடம் இருந்தது. அதன் ஸ்பிரிங்கை மாற்றி மெத்தென்று ஆக்கிக் கொடுத்தான்.

கடை வாசலிலேயே வண்டியில் பொருத்தினார்கள். தெரசா உள்ளே போய்க் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெருவிரலால் தொட்டாள். தண்ணீர் அவள் இரண்டு கைகளிலும் இதமாக விழுந்தது. வயிறு இருந்த இடம்கூடத் தெரியவில்லை. வெளியே தேவா, கடைக்கு அப்போதுதான் வந்த ஒருவரை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று விசாரிப்பது காதில் விழுந்தது. “இன்னா சத்தம்? லாரி போறது தவிர ஒண்ணும் இல்லயே” என்றார் அந்த மனிதர் குழம்பிப்போய். தெரசா திரைக்குள் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கிளம்பும்போது அவள் தேவாவிடம் நன்றி சொல்ல நினைத்தாள். அவனோ, திண்டுக்கல்லில் பூட்டு நன்றாக இருக்குமாமே, கடைக்கு ஒன்று வாங்கி வாருங்கள் என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டான்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். வெளிவட்டச் சாலையில் ஏறி, வண்டலூரில் திருச்சி ரோட்டைப் பிடித்தார்கள். தெரசா முன்பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் பட்டினி கிடக்கவில்லை. கிளம்பும் முன் மூன்று இட்லி சாப்பிட்டிருந்தாள். திண்டிவனம் தாண்டியதும் பை கனப்பது தெரிந்தது. பழைய பயம் நெஞ்சில் ஏறியது. சத்தியராஜின் தோளைத் தொட்டாள். அவர் ஒரு டீக்கடையைத் தாண்டி மரநிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, கீழே இறங்கி நுங்கு விற்கிறவரிடம் பேச்சுக் கொடுக்கப் போய்விட்டார்.

உள்ளே தெரசா செய்ய வேண்டியதைச் செய்தாள். கால்விரல் தொட்டது, தண்ணீர் வந்தது. சோப்பு போட்டு இரண்டு கைகளையும் முழங்கைவரை கழுவினாள். முகத்தையும் கழுவிக்கொண்டாள். டீக்கடையில் லாரிக்காரர்கள் தேர்தல் பேசிக்கொண்டிருந்தார்கள்; ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் கதவைத் திறந்து இறங்கியபோது சத்தியராஜ் பனையோலையில் நுங்கு வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். அவள் ஒரு நுங்கை எடுத்துத் தோலோடு வாயில் போட்டுக்கொண்டாள். இருவரும் மரத்தடியில் நின்று, போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் தின்று தீர்த்தார்கள்.

திண்டுக்கல்லில் ஜெபிஷா வாசலுக்கு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனவள், வயிற்றை நினைத்து ஒரு கணம் தயங்கினாள். தெரசாவே அவளை வலது பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டாள். மறுநாள் கோயிலில் குழந்தையின் தலையில் தண்ணீர் விழுந்ததும் அது வீறிட்டு அழுதது. பிறகு பாட்டியின் வலது தோளுக்கு வந்து தூங்கிப்போனது. அந்தச் சின்ன உடம்பின் சூடு தோளில் படிந்திருக்க, தெரசா தன் மனசுக்குள் ஒவ்வொருவராக நினைத்து நன்றி சொன்னாள். வயிற்றைத் திறந்து உயிரைக் காப்பாற்றிய டாக்டர். சரசா. ரயிலில் வந்த பெயர் தெரியாத அந்தப் பெண். தேவா. சத்தியராஜின் முறை வந்தது. பக்கத்தில் நின்றவரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிய பிறகு ஆஸ்பத்திரியில் சரசாவிடம் இதையெல்லாம் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து பாரிவாக்கத்திலிருந்து மங்களம் என்றொரு அம்மாள், சரசா அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு மகனோடு வந்தாள். ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறதாம். காஞ்சிபுரத்தில் அண்ணன் பெண்ணுக்குக் கல்யாணம், போகவா வேண்டாமா என்று தினமும் யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். பேசும்போதெல்லாம் புடவைத் தலைப்பால் வயிற்றை மூடிக்கொண்டே இருந்தாள்.

தெரசா அவளை ஆம்னிக்குக் கூட்டிப்போய், உள்ளே உட்காரவைத்து, தான் கதவுக்கு வெளியே நின்றாள். வண்டி சும்மாதான் நிற்கிறது, கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள், இவரே ஓட்டி வருவார் என்றாள். சிங்க்கில் தண்ணீர் விழுவதும் நிற்பதும் மறுபடி விழுவதுமாக இருந்தது. பிறகு திரை விலகியது. மங்களத்தின் கண்கள் ஈரமாக இருந்தன. ஆனால் அவள் சுற்றுமுற்றும் எதையோ தேடினாள்.

“எல்லாம் நல்லாருக்கும்மா. கண்ணாடி ஒண்ணு வெக்கலியா? எனக்குத் தொந்தி. குனிஞ்சா பை கீழ சரியா ஒட்டிச்சான்னு தெரியாது.”

தெரசாவுக்கு அது தோன்றவே இல்லை. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் சத்தியராஜ் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு, சிங்க்குக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வண்டிக்குள் தலையை நீட்டிவிட்டார்.